ஒரே பாஸ்வேர்டில் இரண்டு பேர் படித்த பரீட்சை

அந்தக் கோடை முழுக்க நான் படித்ததைவிட, படிப்பதற்கு எங்கே என்ன கிடைக்கும் என்று தேடியதுதான் அதிகம். தகவல் பாதுகாப்பு மேலாண்மையில் ஒரு பெரிய சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஆசைக்கு இல்லை, வேறு வழியில்லாமல்தான். பேகம்பேட்டில் இருக்கிற எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். வேலை தொடங்கும் நாளில் ஹைதராபாத் குழுவின் தலைவர் கையில் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இல்லையென்றால் குழு மொத்தமும் புனே அலுவலகத்தின் கீழ் போய்விடும். நாங்களும் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

எனக்கு இரண்டுமே ஆகாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹப்சிகுடாவில் காலூன்றவே எத்தனையோ பாடு பட்டாயிற்று. கணவருக்கு வேலை இங்கே. மகள் ஒன்பதாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. அவளைக் கொண்டுபோய் மராத்தி பேசுகிற ஊரில் உட்கார வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவளோ சேதி காதில் விழுந்த நாளிலிருந்து, "புனே கன்ஃபர்மா, மம்மி?" என்று தினம் ஒரு தடவை கேட்டு என் உயிரை வாங்கினாள்.

மேலாளர் கூப்பிட்டு, "நீங்க எழுதுங்க, நீங்கதான் லீட்" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "எதுக்கும் அக்காவும் எழுதட்டும், பேக்கப்பா இருக்கும். உங்களுக்கு வரலன்னா அவங்க லீட்" என்றார். அக்கா என்று அலுவலகமே கூப்பிடுவது தணிக்கைக் காகிதங்களைப் பார்க்கிற ஒரு பெண்ணை. போலாரத்துக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குக் கணக்கெழுத வந்த தமிழ்க் குடும்பம், அப்படியே தங்கிவிட்டது. அவர் பேசுகிற தமிழில் பாதி ஹைதராபாத் உருது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷி.

எனக்கோ அவசரம் மட்டும்தான் தெரியும். மேலாளர் அறையிலிருந்து வந்த கையோடு தேட ஆரம்பித்துவிட்டேன். பரீட்சை நடத்துகிற அமைப்பின் கனத்த கையேட்டை யாரோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு போன் குரூப்பில் போட்டிருந்தார்கள். எல்லாப் பக்கத்தின் ஓரத்திலும் ஒரு கட்டைவிரல். ஒரு பக்கத்தில் அந்த விரலில் மருதாணிகூட இருந்தது. அதிலும் பழைய பதிப்பு. புதிய பதிப்பில் பாடத்திட்டமே மாறிவிட்டதாம். மாறியது என்ன என்று கேட்டால் குரூப்பில் இருந்தவர்கள் கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

பிறகு அமீர்பேட். கம்ப்யூட்டர் படிப்பு என்று எது சொன்னாலும் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுத் தயாராக வைத்திருப்பார்கள். போர்டு போர்டாகத் தொங்குகிற சந்துக்குள் மே மாத வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நாலாவது கடையோ ஐந்தாவது கடையோ, கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். மனசு குளிர்ந்துபோய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பிரித்தால் மூன்றாவது அத்தியாயம் இரண்டு தடவை இருக்கிறது, நாலாவது அத்தியாயத்தைக் காணோம். மறுநாள் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். "ரெண்டு வாட்டி படிச்சா நல்லா நிக்கும் மேடம்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரிக்கிறார் கடைக்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் அதை அங்கேயே எறியாமல் தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடைகளையும் விடவில்லை. அட்டையில் 'செக்யூரிட்டி மேனேஜ்மென்ட்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு புத்தகத்தைக் கண்டதும் பாய்ந்து எடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தால், தொழிற்சாலை வாசலில் லாரியை எப்படிச் சோதிப்பது, காவலாளிக்கு விசில் எங்கே தொங்க வேண்டும் என்று முதல் அத்தியாயம் போகிறது. பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ தெரியாது, தனியாகச் சிரித்தேன்.

இது தவிர, பரீட்சையில் வந்த கேள்விகள் என்று ஊரெல்லாம் சுற்றுகிற திருட்டுக் கோப்புகள். ஒரே கேள்விக்கு ஒரு கோப்பில் ஒரு விடை, இன்னொன்றில் வேறு விடை, எது சரி என்று குரூப்பில் குடுமிப்பிடிச் சண்டை. பாதுகாப்பு வேலை பார்க்கிறவர்கள் திருட்டுச் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி அடித்துக்கொள்கிறோமே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இறக்கி வைத்துக்கொண்டேன். ஒன்று கைக்கு வந்தால் அடுத்ததைவிட இது மட்டமோ என்று மனசு பறக்கும். எதையும் பத்துப் பக்கத்துக்கு மேல் படித்த ஞாபகம் இல்லை.

அக்கா என் மேசைப் பக்கம் வந்து அந்தக் குவியலைப் பார்ப்பார். "கைக்கு இத்தன புக்கு? ஒண்ணு போறாதா?" என்பார். அவர் ஊர்ப் பேச்சில் கைக்கு என்றால் எதற்கு. அவர் ஒரே ஒரு பழைய பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான் உருப்படியாக ஒன்று செய்தேன். பரீட்சை நடத்துகிறவர்களே இணையத்தில் வைத்திருக்கும் கொஸ்டின் பேங்கை வாங்கினேன். அசல் சரக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் இது சரி, ஏன் மற்றது தப்பு என்று விளக்கம். நான் தப்புத் தப்பாகத்தான் போட்டேன் என்பது வேறு விஷயம். 'ஊடுருவல் நடந்துவிட்டது, மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டிருக்கும். இணைப்பைத் துண்டி என்று நான் அழுத்துவேன். தப்பு, என்ன நடந்தது என்று முதலில் விசாரி, சம்பந்தப்பட்டவரிடம் பேசு என்று அது சொல்லும். விசாரிக்கிறதுக்குள்ள வீடே வெந்துபோகுமே என்று திரையைப் பார்த்து நானே கத்துவேன்.

வாங்கிய அன்றே பாஸ்வேர்டை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஒருவருக்கு மட்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, படித்தேன். ஆனால் எங்கள் பழக்கம் அப்படி. மதியச் சாப்பாட்டில் என் வற்றல்குழம்பு அவர் தட்டுக்குப் போகும், அவருடைய கட்டா தால், அந்தப் புளிப்புப் பருப்பு, என் தட்டுக்கு வரும். நான் படிக்கிறதை அவர் படிக்கக் கூடாது என்றால் அது எனக்கு ஒட்டவில்லை. "ஹவ், நீ ஆஃபீஸ்ல பாரு, நா வீட்ல பாக்கறேன்" என்று அவரும் வாங்கிக்கொண்டார். ஹவ் என்றால் ஆமாம்.

இதில் என்ன கூத்து என்றால், என் வேலையே இதைப் பிடிப்பதுதான். ஒரே ஆள் ஒரே சமயத்தில் பேகம்பேட்டிலும் ஜெர்மனியிலும் உள்ளே நுழைந்ததாகத் திரையில் சிவப்பு விழும். நான் அவருக்குப் போன் போட்டு, பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்பேன். சத்தியமா இல்லை மேடம் என்பார். கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், நான் கண்டுபிடித்தது அவருக்கும் தெரியும். 'பயனர் மறுக்கிறார்' என்று எழுதி மூடுவேன். இப்படி மூடியதற்குக் கணக்கே கிடையாது.

பரீட்சை நெருங்கியபோது அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போலாரத்தில் உட்கார்ந்து படித்தார். ஒரு நாள் மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நான் அலுவலகக் கணினியில் கொஸ்டின் பேங்கைத் திறந்தேன். எங்கள் அலுவலக இணையம் சிங்கப்பூர் வழியாகத்தான் வெளியே போகும். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அக்கா அந்த நேரம் வீட்டிலிருந்து உள்ளே இருந்திருக்கிறார். ஒரே பெயரில் ஒருத்தி சிங்கப்பூரில், ஒருத்தி ஹைதராபாத்தில். திரை வெள்ளையாகப் போனது. கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. பின்னாலேயே ஒரு மின்னஞ்சல்: உங்கள் பாஸ்வேர்டை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா? பரீட்சைப் பதிவு பற்றிய முடிவு உங்கள் பதிலைப் பொறுத்தது.

பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. பதிவும் அதே கணக்கில்தான் இருக்கிறது, கணக்கு போனால் பரீட்சை போச்சு, பரீட்சை போனால் புனே. ஆமாம் என்று சொன்னால் யாருக்கு என்று கேட்பார்கள், அக்கா பெயரைச் சொல்ல வேண்டி வரும், அவருடைய பரீட்சையும் போகும். இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் மண்டைக்குள் ஓடியது. அடுத்த நிமிஷம் 'இல்லை' என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே, அலுவலக இணையம் சிங்கப்பூர் வழியாகப் போவதால் இப்படித் தெரிந்திருக்கலாம் என்று ஒரு விளக்கமும். நானே நம்பிவிடுகிற மாதிரி எழுதியிருந்தேன். தொழில் தெரிந்தவள் இல்லையா?

அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடித்தேன், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"பயப்படாதீங்கக்கா, நான் சமாளிச்சிட்டேன்" என்றேன்.

"நானும் எழுதிட்டேன் மா" என்றார்.

"என்னத்த எழுதினிய?"

"என் ஸ்க்ரீன்லயும் லாக்னு வந்துச்சு, கீழ ஒரு மெயில் ஐடி இருந்துச்சு. நாந்தான் அவ கிட்ட பாஸ்வேர்ட் கேட்டு வாங்கினேன், அவ மேல தப்பு இல்ல, என்னை வேணும்னா கேன்சல் பண்ணுங்கன்னு எழுதிட்டேன். என் நம்பர்கூட குடுத்துட்டேன்."

திறந்த டப்பாவை மூடினேன். அவர் வாழ்க்கையில் அவசரமாகச் செய்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதையும் அந்த நேரம் பார்த்தா செய்ய வேண்டும்?

இரண்டு நாள் நான் இருப்புக்கொள்ளாமல் திரிந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பேன், பால் பொங்கி வழியும். இன்னொரு மின்னஞ்சல் எழுதி முதலில் எழுதியதைத் திருத்தலாமா என்று கணவரிடம் கேட்டேன். "எழுது" என்றார். எழுதினால் பொய் சொன்னேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்றேன். "அப்ப எழுதாத" என்றார். அந்த மனுஷரிடம் யோசனை கேட்டதுக்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். கடைசியில் எழுதாமலே இருந்தேன்.

பதில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. அக்காவுக்கு ஓர் எச்சரிக்கை, தானாக முன்வந்து சொன்னதற்கு நன்றி, பரீட்சையை எழுதலாம். எனக்கு, பாஸ்வேர்டைக் கொடுத்ததற்காக அல்ல, விசாரணையில் பொய் சொன்னதற்காகப் பதிவு ரத்து. அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அன்று சாயங்காலமே அக்கா ஸ்கூட்டரில் ஹப்சிகுடாவுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும் முன்பே, "கைக்கு பொய் சொன்னே?" என்றார்.

"நீங்க என்னத்துக்கு உண்மையச் சொன்னிய?" என்று நான் கத்தினேன். கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலி தானாக வந்துவிடும். "எழுதுததுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போட்டா கொறஞ்சா போயிருவிய?"

"நீயும் போடலியே மா."

"நான் உங்களக் காப்பாத்தத்தான் எழுதினேன்!"

"ஹவ். நானும் அதுக்குத்தான்."

மகள் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா நின்றபடியே அழுதார். நான் பரீட்சை எழுத மாட்டேன், உன் இடத்தில் நான் உட்கார மாட்டேன், வேண்டாம், நக்கோ, நக்கோ என்று அதையே சொன்னார். காபி வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு கணவர்தான் மெதுவாக, "ரெண்டு பேருல ஒருத்தர் எழுதியே ஆகணும். இல்லன்னா எல்லாருக்கும் புனேதான், பாத்துக்கோ" என்றார். இந்தத் தடவை அவர் சொன்னது சரியாக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு மறுநாள் காலையில், சேர்த்து வைத்த குவியலை எல்லாம் இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு போலாரத்துக்குப் பஸ் ஏறினேன். அக்கா கதவைத் திறந்து என் பையைத்தான் முதலில் பார்த்தார். எல்லாவற்றையும் அவர் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். விரல் தெரிகிற கையேடு, நாலாவது அத்தியாயம் இல்லாத ஸ்பைரல், விசில் புத்தகம். அதைப் பார்த்து இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அவர் எழுதச் சம்மதித்தார்.

"ஆனா இதெல்லாம் நக்கோ. கொஸ்டின் பேங்க் போயிடுச்சுல்ல? நீ கேள்வி கேளு, நா சொல்றேன்" என்றார்.

கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் நடந்த சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை மாற்றி, அந்தக் கொஸ்டின் பேங்க் கேட்கிற மாதிரியே நாலு விடையோடு கேட்டேன். இரண்டு விடை முட்டாள்தனமாக இருக்க வேண்டும், இரண்டு கிட்டத்தட்டச் சரியாக இருக்க வேண்டும். அப்படிச் சோடிக்க வேண்டுமானால் எனக்குப் பாடம் தெரிய வேண்டும். பஸ்ஸில், அலுவலகத்தில், சமையல் மேடையில் என்று அந்த நாட்களில்தான் நான் உண்மையில் படித்தேன். எனக்கு இல்லாத பரீட்சைக்கு. அக்கா தப்பாகச் சொன்னால், ஏன் தப்பு என்று விளக்கமும் நானே சொன்னேன். மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்கிற ரகக் கேள்விகளில்கூட எனக்கு விடை பட்டுப் பட்டென்று வந்தது. எனக்கே ஆத்திரமாக வந்தது.

பரீட்சை மையம் பேகம்பேட்டில், எங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிடு தூரம். நான் அக்காவைக் கொண்டுபோய் விட்டேன். போனை வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினார்கள். கீழே காவலாளிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், ரோடு வரை போனேன், வந்தேன். காவலாளி, "பேட்டிக்கா எக்ஸாம் ஹை கியா?" என்று கேட்டார். மகளுக்குப் பரீட்சையா என்கிறார். இல்லை, எனக்குத்தான் என்று வாய் வரை வந்தது.

அப்போது நான் நினைத்ததை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அக்கா ஃபெயிலாக வேண்டும் என்று நினைத்தேன். புனே போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். நான் கேட்ட கேள்விகள்தான் அவர் தலைக்குள் இருக்கின்றன, என் மேலாளர் எனக்குச் சொன்ன நாற்காலி அது, அதில் போய் அவர் எப்படி உட்காரலாம் என்று வயிறு எரிந்தது. ஒரு கணம் வந்துவிட்டுப் போன எண்ணம் என்று சொன்னால் அது பொய். அவர் உள்ளே இருந்த நேரம் முழுக்க அது என்கூடவே உட்கார்ந்திருந்தது.

அக்கா வெளியே வந்தார். கையில் ஒற்றைத் தாள், முகமெல்லாம் வேர்வை. என்னைக் கட்டிக்கொண்டார்.

"நம்ம பாஸாயிட்டோம் மா" என்றார்.

"நம்ம இல்லக்கா, நீங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் கை என் முதுகிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மகள் ஓடி வந்தாள். "ரிசல்ட் ஏமைந்தி?" என்றாள், என்ன ஆயிற்று என்று. அக்கா பாஸ் என்றேன். அப்படியானால் புனே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். கூடத்திலேயே குதித்தாள், அப்பாவைக் கூப்பிட்டாள், தோழிகளுக்கெல்லாம் போன் போட்டாள். நடுவில் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் மம்மி, யூ டிட் இட்!" என்றாள்.

"நான் இல்லடா. அக்காதான் பாஸ் பண்ணாங்க."

"எவரைதே ஏன்ட்டி, மம்மி?" என்றாள். யாராக இருந்தால் என்ன என்கிறாள். ஊர் மிஞ்சியது, பள்ளிக்கூடம் மிஞ்சியது, தோழிகள் மிஞ்சினார்கள், அவளுக்கு அது போதும்.

"அதானே" என்றேன். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். நானாக இருந்திருக்க வேண்டும்.